புகையானின் சிறகைப் பார்த்து வயலைப் புரிந்துகொள்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெல் வயலில் புகையான் (பயிரின் சாறைக் குடிக்கும் சின்னத் தத்துப்பூச்சி) விழுந்திருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னால், போய் வருபவர்கள் ஒரு குத்துக்கு, அதாவது ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும் ஒரு நெற்கொத்துக்கு, எத்தனை என்ற எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். "குத்துக்குப் பத்து இருக்கு", "இருபது தேறும்". எண்ணிக்கை தேவைதான். ஆனால் அந்தப் பத்தில் எத்தனைக்குச் சிறகு நீளம், எத்தனைக்குக் குட்டை என்று பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. புகையான் ஒரே இனம். ஒரே தாய் இட்ட முட்டைகளில் வந்த குஞ்சுகளில்கூடச் சில முழுச் சிறகோடும், சில பாதி வயிற்றை மட்டும் மூடும் சிறகோடும் வளர்ந்து நிற்கும். நீளச் சிறகுக்காரி எங்கிருந்தோ பறந்து வந்தவள், இல்லையென்றால் பறந்து போகப் போகிறவள். குட்டைச் சிறகுக்காரி இந்தக் குத்திலேயே தங்கி முட்டையிட்டுப் பெருகப் போகிறவள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பூச்சி இப்போது வருகிறதா, பெருகுகிறதா, கிளம்புகிறதா என்பது தெரிந்துவிடும். மருந்து அடிப்பதா வேண்டாமா என்ற முடிவே அதில்தான் இருக்கிறது.

புதிதாக விவசாயத்தில் இறங்கியவர்களையும், வேளாண்மை படிக்கும் மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பூச்சியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நல்ல கண்ணும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. வெள்ளைத் தட்டு ஒன்று. எவர்சில்வர் வேண்டாம், அதன் பளபளப்பில் பூச்சி தெரியாது. வெள்ளைப் பிளாஸ்டிக் அல்லது எனாமல் தட்டு நல்லது. தட்டில் மெல்லியதாகச் சமையல் எண்ணெய் தடவிக்கொண்டால் விழுகிற பூச்சி தத்தி ஓடாமல் ஒட்டிக்கொள்ளும். மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி இரண்டு, ஒரு நோட்டு, ஒரு பென்சில். பேனா மை வயல் ஈரத்தில் கலையும்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். வரப்பில் நின்று பார்த்துத் திரும்பினால் ஒன்றும் தெரியாது. புகையான் இலை நுனியில் உட்காராது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில்தான் கூட்டமாக இருக்கும். அதனால்தான் மேலே பச்சைப் பசேலென்று இருக்கும் வயல், வட்ட வட்டமாகக் காய ஆரம்பித்த பிறகுதான் பலருக்குப் பூச்சி இருப்பதே தெரிகிறது.

தட்டி விழவைப்பது

வயலுக்குள் இறங்கிக் குறுக்காக நடங்கள். ஓரம் விட்டு, உள்ளே இருபது குத்துகளையாவது பாருங்கள். பயிர் எங்கே அடர்த்தியாக, கரும்பச்சையாக இருக்கிறதோ அங்கே இரண்டு மூன்று கூடுதலாகப் பாருங்கள். புகையான் முதலில் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். தட்டைத் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குத்தை இரண்டு மூன்று முறை வேகமாகத் தட்டுங்கள். தண்ணீரில் விழுந்தவையும் மேற்பரப்பில் மிதந்து தத்தும், அவற்றையும் எண்ணிக்கொள்ளலாம்.

தட்டித் தண்ணீரில் விழவைப்பது பழைய வழி. ஜப்பானிய உழவர்கள் வயல் தண்ணீரில் திமிங்கில எண்ணெயை ஊற்றி, பயிரைத் தட்டித் தத்துப்பூச்சிகளை அந்த எண்ணெயில் விழவைத்துக் கொன்றார்கள். 1732-இல் மேற்கு ஜப்பானில் தத்துப்பூச்சிகள் பெருகி நெல்லை அழித்தது பெரும் பஞ்சத்துக்கு வழி வகுத்தது. இந்தியாவில் 1973-74-இல் கேரளத்தின் குட்டநாட்டு வயல்களைப் புகையான் சூறையாடியது. சின்னப் பூச்சிதானே என்று யாரும் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

தட்டும்போது பூச்சியோடு வெள்ளையாகச் சட்டைகளும் விழும். அவை குஞ்சுகள் உரித்துப் போட்ட தோல். நிறைய விழுந்தால் ஒரு தலைமுறை இதே குத்தில் வளர்ந்திருக்கிறது என்று பொருள். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

விழுந்தது புகையான்தானா?

நெல்லில் தத்துபவை பல. பச்சைத் தத்துப்பூச்சி நிறத்திலேயே தெரிந்துவிடும். அது இலைப் பகுதியில் இருக்கும். குழப்பம் தருவது வெண்முதுகுத் தத்துப்பூச்சி. அதுவும் அடித்தூரில்தான் இருக்கும், அளவும் ஏறக்குறைய இதே அளவு. சிறகுகள் முளைக்கும் இடத்துக்கு நடுவே முதுகில் வெள்ளைப் பட்டை ஓடினால் அது வெண்முதுகு. புகையானின் முதுகு பழுப்பாக இருக்கும். வெளிர் பழுப்பிலிருந்து கருமை கலந்த பழுப்பு வரை நிறம் மாறும் என்பதால், நிறம் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறதே என்று வேறு இனமாக எண்ணிவிடாதீர்கள்.

இந்த இரண்டும் ஒரே குடும்பம். குடும்ப அடையாளம் பின்னங்காலில் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பின்னங்காலின் கணுப் பகுதியைப் பாருங்கள். அங்கே தட்டையான, அசையக்கூடிய ஒரு பெரிய முள் நீட்டிக்கொண்டிருக்கும். பச்சைத் தத்துப்பூச்சிக்கு இது கிடையாது. அதன் காலில் சிறு முட்கள் வரிசையாக இருக்கும். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது.

குஞ்சா, குட்டைச் சிறகுள்ள தாயா?

இதில்தான் புதியவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் இரண்டு தடவை படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

புகையான் குஞ்சு ஐந்து பருவங்களைக் கடந்து வளர்ந்த பூச்சியாகிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தோல் உரிப்பு. கடைசி இரண்டு பருவங்களில் முதுகின் இரு பக்கமும் சிறகு மொட்டுகள் தெரிய ஆரம்பிக்கும். ஐந்தாம் பருவக் குஞ்சையும் குட்டைச் சிறகுள்ள வளர்ந்த பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் வயிறு வெளியே தெரியும், இரண்டும் பறக்காமல் நடக்கும், தத்தும்.

லென்ஸை எடுங்கள். சிறகின் நீளத்தைப் பார்க்காதீர்கள், அதன் தன்மையைப் பாருங்கள். குஞ்சின் சிறகு மொட்டு உடம்போடு ஒட்டிய தடித்த மடல். உடம்பின் நிறமே அதற்கும். ஒளி ஊடுருவாது, நரம்பு தெரியாது. இரண்டு மொட்டுகளும் முதுகின் நடுவில் ஒன்றன் மேல் ஒன்று படியாமல் பக்கவாட்டில் விலகி நிற்கும். வளர்ந்த பெண்ணின் குட்டைச் சிறகோ வெங்காயச் சருகு மாதிரி மெல்லியது. அடியில் இருக்கும் வயிற்றின் நிறம் அதன் வழியாகத் தெரியும். மேலே நரம்புகள் கோடு கோடாக ஓடும். இரண்டு சிறகும் முதுகில் ஒன்றோடொன்று சேர்ந்து படிந்திருக்கும். அவற்றின் முனைக்குப் பின்னால் வயிற்றின் கடைசிப் பகுதி மூடாமல் நீட்டிக்கொண்டிருக்கும். முன்சிறகை ஊசி முனையால் மெல்லத் தூக்கிப் பார்த்தால் பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு துணுக்குதான் இருக்கும்.

நரம்பு தெரிந்தால் வளர்ந்த பூச்சி. தெரியவில்லை என்றால் குஞ்சு. இதை வைத்தே பிரித்துவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. அப்போதுதான் கடைசித் தோலை உரித்து வெளிவந்த பூச்சி வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். நீளச் சிறகுப் பூச்சியாக இருந்தாலும் அந்த நேரத்தில் சிறகு சுருங்கியே கிடக்கும். வெளிறிய பூச்சி கண்ணில் பட்டால் உயிரோடு குப்பியில் போட்டு வையுங்கள். சிறகு விரிந்து நிறம் ஏறிய பிறகு எந்த வகை என்று முடிவு செய்யலாம்.

நீளச் சிறகும், ஆண் பெண்ணும்

நீளச் சிறகுப் பூச்சியை அடையாளம் காண்பது எளிது. சிறகுகள் வயிற்றைத் தாண்டி நன்றாகப் பின்னால் நீண்டிருக்கும். கண்ணாடி போலத் தெளிவான முன்சிறகின் பின் விளிம்பில் ஒரு கரும்புள்ளி உண்டு. சிறகையும் சேர்த்து அளந்தால் 4 முதல் 5 மில்லிமீட்டர். குட்டைச் சிறகுப் பெண் நீளத்தில் இதைவிடக் குறைவு. ஆனால் உடம்பு பருத்து, வயிறு உப்பி, கனமாகத் தெரிவாள்.

ஆண், பெண் பிரிக்கப் பூச்சியை மல்லாத்த வேண்டும். எண்ணெய்த் தட்டில் ஒட்டியவற்றில் இது சுலபம். பெண்ணின் வயிற்றின் அடியில் நடுக்கோட்டில் கருமையான முட்டையிடும் உறுப்பு நீளமாகப் படுத்திருக்கும். அதைக்கொண்டுதான் இலையுறையைக் கிழித்து உள்ளே வரிசையாக முட்டை வைக்கிறாள். ஆண் சிறியவன், ஒல்லியானவன்; வயிற்றின் முனை கிண்ணம் போல முடியும். குட்டைச் சிறகுள்ள ஆணை வயலில் பொதுவாகக் குறைவாகத்தான் பார்ப்பீர்கள். வெண்முதுகுத் தத்துப்பூச்சியில் ஆண்கள் நீளச் சிறகோடுதான் இருக்கும். ஆகவே கணக்கு எடுக்கும்போது பெண்களை மட்டும் தனியாக எடுத்து, அவர்களுக்குள் குட்டை எத்தனை, நீளம் எத்தனை என்று குறியுங்கள். ஆண்களையும் சேர்த்து எண்ணினால் நீளச் சிறகு கூடிவிட்டது போலப் பொய்க்கணக்கு வரும்.

விளக்குப் பொறியை மட்டும் நம்பாதீர்கள்

விளக்குப் பொறி நல்ல கருவி. பக்கத்து வயல்களிலிருந்தோ தூரத்திலிருந்தோ பூச்சி வந்து இறங்கும் நாளைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் விளக்குக்கு வருவது பறக்கக்கூடியது மட்டும். குட்டைச் சிறகுப் பெண்ணுக்குப் பறக்கும் தசையே வளராது. அவள் எந்த விளக்குக்கும் வரமாட்டாள். பொறியில் பூச்சி குறைந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் அதே வாரங்களில், உள்ளே குத்துக்குக் குத்து குட்டைச் சிறகுப் பெண்கள் முட்டை வைத்துக்கொண்டிருக்கலாம். பொறி வைத்திருப்பவர்களும் வாரம் ஒருமுறை வயலில் இறங்கித் தூரைத் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரே இனத்துக்கு ஏன் இரண்டு உடம்பு?

இதைத் தெரிந்துகொண்டால்தான் எண்ணிக்கைக்கு அர்த்தம் சொல்ல முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பறப்பதற்குச் செலவு அதிகம். நீளச் சிறகும் நெஞ்சு நிறையத் தசையும் வளர்க்க, தின்ற சத்தில் பெரும்பங்கு போய்விடும். அந்தச் செலவு இல்லாத குட்டைச் சிறகுப் பெண் அதை முட்டைக்குத் திருப்புகிறாள். அவள் முன்னதாகவே முட்டையிட ஆரம்பிக்கிறாள், கூடுதலாகவும் இடுகிறாள். இளசான, சத்துள்ள பயிர் கிடைத்துவிட்டால் அங்கேயே இருப்பதுதான் லாபம். பயிர் முற்றி, கூட்டம் நெருக்கித் தள்ளும்போது அங்கேயே இருந்தால் எல்லாம் சாகும். அப்போது சிறகு வேண்டும்.

எந்த உடம்பு என்பது குஞ்சுப் பருவத்தில் முடிவாகிறது. குஞ்சுகள் நெருக்கமாக வளர்ந்தால் நீளச் சிறகு கூடும். பயிரின் வயதும் இதில் பங்கு வகிக்கிறது. முற்றும் பயிரில் குளுக்கோஸ் கூடுகிறது, அந்தச் சாறைக் குடித்த குஞ்சுகளில் நீளச் சிறகு அதிகமாகிறது என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது பூச்சி, பயிர் முற்றப்போவதை அதன் சாற்றிலேயே தெரிந்துகொள்கிறது.

உடம்புக்குள் இந்த முடிவை எடுப்பது எது என்பதற்கு 2015-இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடை தந்தார்கள். புகையானிடம் இன்சுலின் ஏற்பிகள் (இன்சுலின் தரும் சைகையை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) இரண்டு இருக்கின்றன. முதல் ஏற்பி வேலை செய்தால் சிறகு நீள வளர்கிறது. இரண்டாவது ஏற்பி முதலாவதை அடக்கி வைக்கிறது. அது ஓங்கினால் சிறகு குட்டையாகிறது. முதல் ஏற்பியின் மரபணுவை முடக்கிய குஞ்சுகள் குட்டைச் சிறகோடு வளர்ந்தன, இரண்டாவதை முடக்கியவை நீளச் சிறகோடு வளர்ந்தன. நமக்கு ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளும் அதே இன்சுலின் வழித்தடம்தான், ஒரு பூச்சிக்கு இருப்பதா போவதா என்பதை முடிவு செய்கிறது. எனக்கு இது எப்போது படித்தாலும் வியப்பு குறைவதில்லை.

நீளச் சிறகு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று கேட்பீர்கள். ஜப்பானின் குளிரை இந்தப் பூச்சி தாங்காது. இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் ஜப்பான் வயல்களில் புதிதாக வந்து இறங்கும். எங்கிருந்து என்ற கேள்விக்குப் பெரிய தடயம் 1967 ஜூலையில் கிடைத்தது. ஜப்பானின் பெருநிலத்துக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில், நடுக்கடலில் நின்ற வானிலைக் கப்பல் ஒன்றின் மேல் தத்துப்பூச்சிகள் பெருங்கூட்டமாக வந்து விழுந்தன. தென் சீனப் பக்கமிருந்து பருவக்காற்றில் ஏறி அவை கடலைத் தாண்டுகின்றன.

நெல்லில் மட்டுமல்ல. உங்கள் வீட்டு அவரைக் கொடியில் அசுவினி அடர்ந்திருந்தால் உற்றுப் பாருங்கள். சிறகில்லாதவற்றின் நடுவே சிறகுள்ளவை தோன்ற ஆரம்பித்தால், அந்தக் கூட்டம் அடுத்த செடிக்குக் கிளம்பப் போகிறது.

கணக்கைப் படிப்பது

புகையானின் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். முட்டை பொரிய ஒரு வாரத்துக்குச் சற்று மேல், குஞ்சு வளர இரண்டு வாரம், பிறகு பெரிய பூச்சி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் நோட்டைப் பாருங்கள்.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த வாரங்களில் ஓரிரு நீளச் சிறகுப் பூச்சிகள் மட்டும் விழுந்தால், குடியேற வந்தவை அவை. குஞ்சும் இல்லை, சட்டையும் இல்லை என்றால் பதறி மருந்தடிக்காதீர்கள். அந்தச் சமயத்தில் அடிக்கும் மருந்து வந்த பூச்சியைவிட வயலின் சிலந்திகளைத்தான் அதிகம் கொல்லும்.

தூர் கட்டும் பருவத்தில் குட்டைச் சிறகுப் பெண்கள் தென்பட ஆரம்பித்தால் அதுதான் கவனிக்க வேண்டிய கட்டம். எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் சரி. குட்டைச் சிறகு இருக்கிறது என்றால் பயிர் பூச்சிக்கு ஒத்துப்போயிருக்கிறது, அடுத்த தலைமுறை பல மடங்கு வரப்போகிறது. இந்தக் கட்டத்தில் வாரம் இரண்டு முறை பாருங்கள். யூரியாவை அளவோடு நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சிய பயிர்தான் இந்தப் பெண்களுக்கு விருந்து.

கதிர் வந்த பிறகு, பெண்களிலும் நீளச் சிறகு கூடிக்கொண்டே போனால் கூட்டம் கிளம்பத் தயாராகிறது. சேதத்தின் பெரும்பகுதி அதற்குள் நடந்திருக்கும். அப்போது மேலே வந்து நிற்கும் நீளச் சிறகுகளைப் பார்த்துப் பயந்து மருந்துக்குச் செலவழிப்பவர்கள் நிறைய. பறக்கப்போகும் பூச்சியைத் துரத்துவதில் பயனில்லை. அடித்தூரில் குஞ்சு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தட்டிப் பார்த்து, அதை வைத்து முடிவு எடுங்கள்.

என்ன செய்வது

பொதுவான வரம்பு இது. சிம்புக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி வந்தால் நடவடிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். ஆகவே பூச்சியை எண்ணும் தட்டிலேயே சிலந்தியையும் எண்ணுங்கள். புகையானின் முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் தட்டில் விழும். ஒல்லியாக, பச்சை நிறத்தில், நீண்ட உணர்கொம்போடு வேகமாக ஓடும். அதைப் பூச்சிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது நம் பக்கம்.

வரம்பைத் தொட்டால் முதலில் தண்ணீரை வடியவிடுங்கள். நிற்கும் தண்ணீரும் நிழலும்தான் அடித்தூரைப் புகையானுக்கு வசதியாக்குகின்றன. நடவிலேயே எட்டடிக்கு ஒரு அடி பட்டம் (நடாமல் விடும் இடைவெளி) விட்டிருந்தால் காற்றும் வெளிச்சமும் உள்ளே இறங்கும், மருந்து தெளிக்கும் குழாயும் அடிவரை போகும். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் அல்லது வேப்பெண்ணெய் 3 சதவீதம் தெளிக்கலாம். எதைத் தெளித்தாலும் அடித்தூரில் பட வேண்டும். இலையின் மேல் மூடுபனி போல அடித்துவிட்டு வந்தால் காசுதான் நஷ்டம்.

ரசாயன மருந்து என்றால் வட்டார வேளாண்மை அலுவலரிடம் கேட்டு, சீட்டில் உள்ள அளவில் அடியுங்கள். கேட்கும்போது "புகையான் இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், குஞ்சு அதிகமா வளர்ந்தது அதிகமா என்றும் சொல்லுங்கள். உதாரணமாக, பூப்ரோபெசின் என்ற மருந்து குஞ்சு தோல் உரிப்பதைத் தடுத்துக் கொல்கிறது. வளர்ந்து முடிந்த பூச்சி அதில் சாகாது. முன்பகுதியில் சொன்ன நரம்புச் சோதனை இங்கே நேரடியாகப் பணத்தை மிச்சம் பிடிக்கும்.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைப் புகையானுக்கு அடிக்கவே அடிக்காதீர்கள். கடையில் யார் எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவை சிலந்திகளை ஒழித்துவிடும். இலையுறைக்குள் இருக்கும் முட்டை தப்பிப் பொரியும், கேட்க ஆளில்லாமல் முன்னைவிடப் பெருகும். இந்தோனேசியா இதே காரணத்தால் 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. எதிர்ப்பு ரகங்களையும் முழுதாக நம்பி இருக்க முடியாது. 1973-இல் வெளியான ஐ.ஆர்.26 ரகத்தின் எதிர்ப்பை இந்தப் பூச்சி சில ஆண்டுகளிலேயே தாண்டிவிட்டது.

நோட்டில் எழுத வேண்டியவை

தேதி, பயிரின் வயது, ரகம், கடைசியாக யூரியா போட்ட நாள். பிறகு இருபது குத்துக்கும் சேர்த்து ஐந்து எண்கள்: குஞ்சு, குட்டைச் சிறகுப் பெண், நீளச் சிறகுப் பெண், ஆண், சிலந்தி. அவ்வளவுதான். சந்தேகமான பூச்சியை ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போட்டு, துண்டுத் தாளில் தேதியைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டும் சீட்டு கழன்றுவிடும். செல்போனில் படம் எடுத்தால் முதுகுப் பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று எடுங்கள். முதுகை மட்டும் எடுத்த படத்தில் ஆணா பெண்ணா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நீளச் சிறகுப் பெண்கள் கூடிவிட்டதைப் பார்த்த அன்றே, பக்கத்தில் பிந்தி நட்டவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் வயலிலிருந்து மாலை மங்கும் நேரத்தில் கிளம்பும் பூச்சிக்கு அவர்களுடைய இளம்பயிர்தான் அடுத்த இடம். இரண்டு வாரம் கழித்து அவர்கள் தூரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தால், குஞ்சு சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.